ஊரடங்கில் பெரியவர்களுக்கு ஏற்ற குளுக்கோமீட்டரா? ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள்

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு லேபுக்குப் போகவே பயந்த பெரியவர்கள் பலர் முதல் தடவையாக வீட்டுக்கு குளுக்கோமீட்டர் வாங்கினார்கள். சர்க்கரை அளவைக் காட்டுவது எல்லா மீட்டருக்கும் உள்ள வேலைதான். வீட்டிலேயே அடைந்து கிடக்கும் மனசுக்கு எது ஒத்துவரும் என்ற கணக்கில்தான் ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள் மீட்டரை எடை போட வேண்டும்.

படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் மூன்றும் பயத்திலும் வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும். டிவியில் கொரோனா சாவு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு 'டென்ஷன்தான்' என்று படுத்துவிடுவது ஆபத்து. பயத்தை லோ சுகர் என்று நினைத்து இனிப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதும் தப்பு. எது என்பதை இந்த மீட்டர் 5 விநாடியில் சொல்லிவிடும். அளவு 70-க்குக் கீழே (மி.கி./டெசிலிட்டர்) போனால் 15 கிராம் சர்க்கரையை, அதாவது சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அடங்கிப்போய் வியர்வை மட்டும் வரலாம். அவர்கள் சந்தேகம் வந்த உடனே பார்த்துவிடுவது நல்லது.

பட்டன் கிடையாது, ஸ்ட்ரிப்பின் (ரத்தத் துளியை வாங்கும் சிறு பட்டை) குறியீட்டு எண்ணை மீட்டரில் பதியும் வேலையும் கிடையாது. ஸ்ட்ரிப்பைச் செருகினால் திரை தானே விழிக்கும். ஸ்ட்ரிப் நுனியைத் துளியில் தொட்டால் ரத்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், மேலே தடவக் கூடாது. எண்கள் பெரியவை என்பதால் கண்ணாடி தேடும் பாடு குறைவு. அளவுக்கேற்ப நீலம், பச்சை, சிவப்பு என்ற மூன்று நிறங்களில் ஒன்றை அம்புக்குறி காட்டும்.

குறையும் இந்த நிறத்தில்தான் இருக்கிறது. 70-க்குக் கீழே நீலம், 180-க்கு மேலே சிவப்பு என்று முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா என்று மீட்டருக்குத் தெரியாது. சாப்பிட்ட பின் 190 வந்த 78 வயதுக்காரருக்குச் சிவப்பைப் பார்த்ததும் அன்றைய தூக்கம் போய்விடும். இதயம், சிறுநீரகம் என்று பல நோய் உள்ள முதியவர்களுக்கு வெறும் வயிற்றில் 90 முதல் 150 வரை என்ற தளர்வான எல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கமே ஏற்கிறது. டாக்டர் சொன்ன எல்லையைச் சீட்டில் எழுதி மீட்டரின் உறையில் ஒட்டிவையுங்கள், நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனாவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து (வழக்கமாக தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள்) எடுக்கும்போது காலை அளவு ஓரளவு சரியாக இருந்து மதியத்திலிருந்து இரவு வரை எகிறும். தூக்கமின்மை, எரிச்சலும் அதே மருந்தால் வரும். காரணம் மருந்து என்று வீட்டார் எடுத்துச் சொன்னாலே பாதி பயம் தெளியும். அளவு தொடர்ந்து ஏறினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

சானிடைசர் ஈரம் காயாத விரலில் குத்தினால் அளவு தப்பும். பழம் உரித்த கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரை ஏறும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியக் கூடாது, கையைத் தொங்கவிட்டாலே போதும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடாவிட்டால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றே அதைக் கெடுத்துவிடும்.

செலவு மீட்டரில் இல்லை, ஸ்ட்ரிப்பில். வேண்டாத நேரமெல்லாம் குத்துவது பர்ஸுக்கு மட்டும் கேடல்ல. வட அயர்லாந்தில் புதிதாக டைப் 2 சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்களிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், வீட்டில் தாங்களே பார்த்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை கூடுதலாகக் குறையவில்லை, மனச்சோர்வு மதிப்பெண்தான் சற்று ஏறியிருந்தது. மாத்திரை மட்டும் எடுத்து, அளவு நிலையாக இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, வேளையை மாற்றி மாற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். உடம்பு முடியாத நாளும் இன்சுலினும் வேறு கணக்கு, அதை டாக்டரே சொல்லட்டும்.

தேதி, நேரம் செட் செய்ய இதில் வழியில்லை. ஒரு நோட்டில் வேளை, அளவு, சாப்பிட்டது, அன்றைய தூக்கம் என நான்கு கட்டம் போட்டு எழுதிவந்தால் போன் ஆலோசனையில் டாக்டருக்கு அதுவே ரிப்போர்ட். இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மீட்டரை நம்பிப் பயனில்லை, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழைத்தும் பேசலாம்.

தனியாக இருக்கும், மாத்திரையில் சமாளிக்கும் பெரியவருக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். தினம் பலமுறை இன்சுலின் போட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அளவை அனுப்ப வேண்டியவர்கள் ப்ளூடூத் உள்ள செலக்ட் பிளஸ் ஃப்ளெக்ஸ் பக்கம் போவதே சரி.