ஏரித் தண்ணீர் காட்டிக்கொடுத்தது: படத் திருத்த வகுப்பில் சேரப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புகைப்படங்களைத் திருத்தவும் வெளிறிய வானத்தை மாற்றவும் கற்றுக்கொள்ள இணையவழி வகுப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு வகுப்பில் ஆறு மாதத்தையும், ஒரு நல்ல லென்ஸ் வாங்கப் போதுமான தொகையையும் தொலைத்துவிட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த வகுப்பை நம்பி, முகம் தெரியாத ஒருவரின் உழைப்பை என் வேலையில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இன்னும் மனத்தை அறுப்பது அதுதான்.

என்னை இழுத்தது விளம்பரத்தில் வந்த இரண்டு படங்கள். ஓர் ஏரிக்கரை, கரையோரம் ஒரு படகு. 'முன்' என்ற படத்தில் வானம் சாம்பல் பூசிய சுவர்போல இருந்தது. 'பின்' என்ற படத்தில் அதே ஏரிக்கு மேல் செம்மஞ்சள் மேகங்கள் பற்றி எரிந்தன. முப்பது நொடியில் இதைச் செய்யலாம் என்றார் பயிற்சியாளர். வீட்டுப்பாடம் ஒவ்வொன்றையும் தாமே பார்த்துத் திருத்துவார், ஐந்நூறு வானப் படங்கள் இலவசம், பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். நம்பினேன். அவருடைய பேச்சில் அவ்வளவு கனிவு இருந்தது.

முதல் பாடத்தில் போட்டோஷாப்பில் எடிட் மெனுவைத் திறந்து, வானம் மாற்றும் கட்டளையைச் சொடுக்கி, பட்டியலில் இருந்து ஒரு வானத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இரண்டாவது பாடத்தில் வேறொரு படம், அதே சொடுக்கு. ஐந்தாவது பாடத்திலும் அதுவே. அந்த வசதி 2020 அக்டோபரில் வெளிவந்த பதிப்பிலிருந்தே மென்பொருளோடு சேர்ந்து வருகிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 2019 நவம்பரில், லூமினார் 4 என்ற இன்னொரு படத் திருத்த மென்பொருள் இதைத் தானாகச் செய்யத் தொடங்கியிருந்தது. அதாவது மென்பொருள் வாங்கிய எவருக்கும் மெனுவில் காத்திருக்கும் ஒன்றைத்தான் அவர் தம்முடைய ரகசிய முறை என்று விற்றார். இது எனக்கு நாலாவது மாதத்தில்தான் தெரிந்தது.

சொடுக்கியதும் வானம் மாறிவிடும், அதில் பொய் இல்லை. கற்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதைத்தான் அவர் கற்றுத்தரவில்லை.

என் வீட்டுப்பாடம் ஒன்றைச் சொல்கிறேன். மேகமூட்டமான நண்பகலில் எடுத்த படம். மரத்தடியில் ஒரு முதியவர் நின்றுகொண்டிருக்கிறார். மேகம் மூடியிருந்ததால் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக விழுந்திருந்தது. காலடியில் நிழல் என்று ஒன்று இல்லவே இல்லை. நான் அவருக்குப் பின்னால் சூரியன் சுடர்விடும் ஒரு மாலை வானத்தை வைத்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருடைய முகம் இருண்டிருக்க வேண்டும். தலைமுடியின் ஓரத்தில் பொன்னிறக் கோடு ஓடியிருக்க வேண்டும். நிழல் நீண்டு நம்மை நோக்கி வந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லை. ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்தது, எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அனுப்பிவைத்தேன். 'அருமை, தொடருங்கள்' என்று பதில் வந்தது.

மரத்தின் இலைகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிகிறதே, எப்படிப் போக்குவது என்று கேட்டேன். 'பிரஷ்ஷை மென்மையாக வையுங்கள்' என்றார். மென்மையாக வைத்தேன், வெள்ளைக் கோடு வெள்ளைப் புகையானது. இப்போது எனக்கு வழி தெரியும். ஒரு படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வண்ண அடுக்குகளாக, அதாவது சேனல்களாக, இருக்கும். பகல் வானம் நீலச் சேனலில்தான் பெரும்பாலும் மிகப் பிரகாசமாக இருக்கும், இலைகளோ அதில் இருட்டாக இருக்கும். அந்தச் சேனலை நகலெடுத்து, கறுப்பு வெள்ளை வேறுபாட்டை ஏற்றினால் இலை இலையாக ஒரு மாஸ்க் (எந்தப் பகுதி மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று காட்டும் மறைப்பு) கிடைத்துவிடும். பழைய வானம் வெளிறியிருந்தால் புதிய வானத்தை மல்டிப்ளை முறையில் (கீழுள்ள படத்தை இருட்டாக்கிக் கலக்கும் முறை) மேலே விரித்தாலே பாதி விளிம்பு மறைந்துவிடும். அடிவானத்துக்கு அருகில் பகல் வானம் பொதுவாகச் சற்று வெளிறி, மங்கித் தெரியும். தொலைவு மலை அந்த மங்கலில்தான் கரையும். உச்சிவானத்தின் அடர்நீலத்தைக் கொண்டுவந்து மலை முகட்டில் முட்டவைத்தால் அது வெட்டி ஒட்டிய காகிதம்போலத்தான் இருக்கும். இதையெல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எனக்கு எவ்வளவோ இரவுகள் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு முறை, நீல வானத்தில் படிப்படியாகப் பட்டைகள் விழுவதைக் காட்டிக் கேட்டேன். ஜேபெக் கோப்பில் ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகள்தான் உண்டு. மெதுவாக நிறம் மாறும் வானத்தை இழுத்து இழுத்துத் திருத்தினால் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 நிலைகள் இருக்கும். அதிலிருந்து தொடங்கி, 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் மணல்போன்ற நுண்புள்ளிகளைக் கொஞ்சம் சேர்த்தால் பட்டை பெரும்பாலும் தெரியாது. அதற்கும் வந்த பதில் 'வானம் அருமை' என்பதுதான்.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. அடுத்த வீட்டுப்பாடத்தில் எதையும் மாற்றாமல், கேமராவில் விழுந்த படத்தை அப்படியே அனுப்பினேன். மறுநாள் பதில்: 'வானத்தை அழகாகப் பொருத்தியிருக்கிறீர்கள். ஓரங்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை.' அந்த வரிகளை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நான் மூன்று மாதமாக இரவு இரவாக உட்கார்ந்து செய்தனுப்பிய எதையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிரவே அந்த விளம்பரப் படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'முன்' படம். சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர். ஆனால் படகின் அடிப்பகுதிக்கும் கரைக்கும் நடுவில், விரலளவு இடுக்கில், தண்ணீர் செம்மஞ்சளாக இருந்தது. மேகத்தின் ஒரு கீற்றுகூட அதில் தலைகீழாகத் தெரிந்தது. படகின் நனைந்த விளிம்பில் பொன்னிறக் கோடு. படகின் நிழல் நம்மை நோக்கி நீண்டிருந்தது. சாம்பல் வானத்தின் கீழ் அப்படியொரு நிழல் விழாது. தண்ணீர் தனக்கு மேலே உண்மையில் இருந்ததைத்தான் காட்டும். அவர் செய்தது இதுதான்: நல்ல அந்திப் படம் ஒன்றை எடுத்து, வானத்தில் சாம்பலைப் பூசி, தண்ணீரின் நிறத்தை உறிஞ்சி அதை 'முன்' ஆக்கியிருக்கிறார். உண்மையான மூலப்படத்தைப் 'பின்' என்று காட்டியிருக்கிறார். படகடி இடுக்கை மட்டும் மறந்துவிட்டார். மற்ற மாதிரிப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். ஒரு மணப்பெண்ணின் கண்மணியில், ஒரு வீட்டின் ஜன்னல் கண்ணாடியில், எங்கும் இதே கதைதான்.

வானத்தை மாற்றுவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. இது புகைப்படக் கலையோடு கூடப்பிறந்த வேலை. 1850களில் படம் பதியப் பயன்பட்ட கலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரியும். கடலுக்குச் சரியான அளவில் ஒளி பதிந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகடிவ்விலும் மேகத்தை இன்னொரு நெகடிவ்விலும் எடுத்து, இரண்டையும் அடிவானத்தில் சேர்த்து அச்சிட்டார். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களுக்கு மேல் வைத்ததும் உண்டு. அந்தப் படங்கள் இன்றும் கொண்டாடப்படுகின்றன. ஆனால் மேகம் அவருடையது. அவர் கேமராவோடு காத்திருந்து எடுத்தது.

என் தவறு அங்கேதான். வகுப்பில் தந்த ஐந்நூறு வானங்களில் ஒன்றை, கூலிக்குச் செய்துகொடுத்த ஒரு குடும்ப ஆல்பத்தின் அட்டைப்படத்தில் வைத்தேன். சில வாரங்கள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த மேகம் வேறொரு புகைப்படக்காரருடையது. அவர் தம் மூலக் கோப்பையும் எடுத்த நேரத்தையும் அனுப்பியிருந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. 'இந்த வானத்துக்காக நான் மூன்று நாள் அந்த இடத்தில் தங்கியிருந்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டு அட்டையை என் செலவில் மாற்றி அச்சிட்டுக் கொடுத்தேன். பயிற்சியாளரிடம் கேட்டதற்கு, 'இணையத்தில் கிடைப்பதுதானே, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்' என்றார். பிறகு என்னை வகுப்பின் இணையக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

என்னோடு படித்த ஓர் அக்காவுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். மென்பொருள் வாங்க வசதி இல்லை என்று சொன்னதால் அவருக்கு ஒரு ஜிப் கோப்பை அனுப்பி, நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளில் அவருடைய மின்னஞ்சல் கணக்கு கைவிட்டுப் போனது. "தம்பி, பிள்ளைகளின் படமெல்லாம் அதில்தான் இருந்தது" என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும் எந்தக் கோப்பையும் தொடாதீர்கள். பணம் இல்லை என்றால் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இருக்கிறது. 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. லேயர், மாஸ்க், சேனல் எல்லாம் அதில் உண்டு. நான் மேலே சொன்ன நீலச் சேனல் மாஸ்க்கை அதிலேயே செய்யலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். ஏழு நாள் என்பது பணம் கட்டிய நாளிலிருந்து கணக்காம். பாடமோ வாரத்துக்கு ஒன்றுதான் திறக்கும். ஆக, இரண்டாவது பாடம் கண்ணில் படுவதற்குள் கெடு முடிந்துவிடும். தள்ளுபடி தருவதாகச் சொல்லி நேராக அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்பவைத்ததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. வங்கி அட்டை வழியாகக் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பார்த்திருக்கலாம்.

எங்கே வானத்தை மாற்றக் கூடாது என்று ஒரு வார்த்தையும் அந்த வகுப்பில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006-இல் பெய்ரூட் நகரின் மேல் எழுந்த புகையை குளோன் கருவியால் (படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் பதிக்கும் கருவி) பெருக்கிக் காட்டிய ஒரு படமும், பிறகு திருத்தப்பட்ட இன்னொரு படமும் அம்பலமானதால், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஒரே மாதிரிப் புகைச்சுருள் திரும்பத் திரும்ப வந்ததை வாசகர்களே கண்டுபிடித்தார்கள். என் வகுப்புத் தோழர் ஒருவர் மாற்றிய வானத்தோடு இயற்கைப் படப் போட்டிக்கு அனுப்பினார். ரா கோப்பைக் கேட்டார்கள். அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை.

இப்போது எந்த வகுப்பையும் நான் பார்ப்பது 'முன்' படத்திலிருந்துதான். தண்ணீர், கண்ணாடி, கண்மணி, பளபளக்கும் உலோகம் ஆகியவற்றில் வானத்தைத் தேடுகிறேன். நிழல் விழும் திசையைப் பார்க்கிறேன். பிறகு அந்த மூலக் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். நேர்மையாகக் கற்றுத்தருபவர் தயங்காமல் தருவார். அண்மையில் ஒருவர் தந்தார், கூடவே அந்தப் படத்தில் தாம் சரியாகச் செய்யாத ஓர் ஓரத்தையும் தாமே சுட்டிக்காட்டினார். அவரிடம்தான் இப்போது கற்கிறேன். முதல் மாதம் முழுக்க வானத்தைத் தொடவே விடவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று படம் படமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் சொல்லும் அந்த ஏரிப் படத்தை விளம்பரத்தில் பார்த்துச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் கட்டண ரசீதையும் அவர்கள் அனுப்பிய பதில்களையும் இன்றே படமெடுத்துச் சேமித்து வையுங்கள். என்னை நீக்கிய அன்றே நான் கேட்ட கேள்விகள் எல்லாம் குழுவிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டன.