கோயில் வேலைக்கு ஜோடி வாக்கி டாக்கி: வாங்கலாம், ஆனால் 'பிரைவசி கோட்' வேறு கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைகளில் இரண்டிரண்டாகப் பெட்டியில் வரும் பிஎம்ஆர்446 வகை வாக்கி டாக்கி செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். சக்தி அரை வாட். பெட்டியில் போட்டிருக்கும் 8 கிலோமீட்டர் குன்றுக்குக் குன்று பேசினால் சரி. டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் கூட்டத்தில், பந்தலுக்கும் கார்களுக்கும் நடுவே, ஒரு கிலோமீட்டர் எட்டினாலே பெரிது. கார் நிறுத்துமிடத்துக்கும் கஞ்சி அண்டாவுக்கும் அது தாராளம்.

வாங்கியதும் விஓஎக்ஸை, அதாவது பட்டன் அழுத்தாமலே சத்தம் கேட்டால் அனுப்பும் வசதியை, அணைத்துவிடுங்கள். மேளச் சத்தத்துக்கே செட் தானாகப் பேச ஆரம்பித்து சேனலை அடைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். அவசரப்பட்டால் 'மூணாம் கேட்' வெறும் 'கேட்' ஆகத்தான் போய்ச் சேரும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பிரைவசி கோட் பேச்சை மறைப்பதே இல்லை. குரலோடு ஒரு தாழ்ந்த ஒலியை அனுப்புகிறது. அந்த ஒலி இல்லாத பேச்சை உங்கள் ஸ்பீக்கர் விடாது, அவ்வளவுதான். அதே சேனலில் கோட் 0 வைத்தவருக்கு நீங்கள் பேசுவதெல்லாம் கேட்கும். இரண்டு கம்பெனி செட்டைக் கலந்தால் இன்னொரு தொல்லை. 38 கோட் பட்டியலில் 10 என்பது 94.8 ஹெர்ட்ஸ், 69.3 ஹெர்ட்ஸையும் நுழைத்த பட்டியலில் அதே 10, 91.5 ஆகிவிடும். கோட் எண்ணைப் பார்க்காமல் ஹெர்ட்ஸைப் பொருத்துங்கள்.

உண்டியல் பணம் கிளம்பும் நேரத்தைத் தமிழில் சொன்னால் போதும் என்பார்கள். இசிப்பிங்கோவிலா? பாட்டிமார் பாதிப் பேருக்குப் புரியும். 1942-ல் அமெரிக்க மரைன் படை ரகசியச் சேதி அனுப்பச் சேர்த்த, நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியின் முதல் 29 வீரர்களும் தாய்மொழியை மட்டும் நம்பவில்லை. அந்த மொழிக்குள்ளேயே பூட்டுப் போட்டார்கள்: டாங்கி ஆமையானது, நீர்மூழ்கி இரும்பு மீன், கையெறி குண்டு உருளைக்கிழங்கு. பிலிப்பைன்ஸில் பிடிபட்ட, அந்தப் பயிற்சி பெறாத ஒரு நவஹோ சிப்பாயை ஜப்பானியர் அந்தச் சேதிகளைக் கேட்கவைத்தார்கள். சொற்கள் புரிந்தன, சேதி புரியவில்லை.

தொண்டர்களுக்குப் பத்துச் சொல் போதும். உண்டியலுக்குப் 'பூசணி' என்று வையுங்கள்; போலீஸுக்கு 'மாமா' மாதிரி ஊகிக்கக்கூடியது வேண்டாம். தாளில் எழுதித் தராதீர்கள். நவஹோ வீரர்களும் மனப்பாடமாகத்தான் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ், தீ, காணாமல் போன குழந்தை மட்டும் பச்சைத் தமிழிலோ இங்கிலீஷிலோ, இரண்டு முறை.