14,000 பவுண்டு டிரெய்லருக்கு எந்த டீசல் பிக்கப்? ஃபோர்டு, ராம், செவி: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவில் எந்த டீலரிடம் போய் எந்த பிக்கப்பைப் பார்த்தாலும், முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். அதற்குள் விற்பனையாளர் பக்கத்தில் வந்து, 'இது 20,000 பவுண்டு இழுக்கும் சார்' என்பார். பொய் இல்லை, இழுக்கும். ஆனால் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதை முடிவு செய்வது அந்த ஸ்டிக்கர்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர், அதாவது பிக்கப்பின் பின்பெட்டிக்குள் கொக்கி மாட்டி இழுக்கும் ரகம், வாங்குகிறீர்கள். தண்ணீர், துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏற்றியபின் 14,000 பவுண்டு, அதாவது சுமார் 6,350 கிலோ. இந்த வகை டிரெய்லர் தன் எடையில் 15 முதல் 25 சதவீதத்தை பிக்கப்பின் முதுகில் இறக்கும். நடுவாக 20 சதவீதம் என்று வைத்தால் 2,800 பவுண்டு. இணைப்புக் கொக்கிக்கு ஒரு 200. நான்கு பேர் ஏறினால் இன்னும் 600. ஸ்டிக்கர் கணக்கில் ஓட்டுநரும் சேர்த்தி. மொத்தம் 3,600 பவுண்டு.

இனி மூன்று கம்பெனிகளின் கனரக பிக்கப்புகளில் கீழ் ரகமான 250/2500 வகை வண்டிகளின் கதவைத் திறந்து பாருங்கள். ராம் 2500 டீசலில், கொஞ்சம் சொகுசான மாடல் என்றால், அந்த எண் 2,000-த்தைச் சுற்றித்தான் நிற்கும், சிலவற்றில் அதற்கும் கீழே. காரணம் எளிது: வண்டியும் அதன் மேல் ஏறும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, கனமான கம்மின்ஸ் எஞ்சினும் சொகுசுச் சாமான்களும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. ஃபோர்டு எஃப்-250-க்கும் வழக்கமாக அதே 10,000 வரம்புதான். கூடுதல் இழுவைப் பேக்கேஜ் எடுத்தால் 10,800. செவி (செவ்ரோலே) சில்வராடோ 2500 டீசலுக்கோ 2020 மாடலிலிருந்து வரம்பு 11,000-த்தைத் தாண்டிவிட்டது; ஸ்டிக்கரில் 3,000-க்கு மேல் பார்க்கலாம். செவியின் தாய்க் கம்பெனியான ஜிஎம் விற்கும் ஜிஎம்சி சியராவும் உள்ளே அதே வண்டிதான், அதனால் தனியாகப் பேசவில்லை.

10,000 என்ற எண்ணில் ஒட்டிக்கொண்டிருப்பது எஞ்சினியரிங் மட்டும் இல்லை. 10,001 பவுண்டிலிருந்து வணிக வண்டிகளுக்கான மத்திய அரசு விதிகள் தொடங்குகின்றன. தொழிலுக்கு வாங்குபவர்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்பதற்காகவே 10,000-த்தில் நிறுத்திய வண்டிகள் உண்டு. நமக்கு அதில் லாபம் ஏதுமில்லை.

ஆக, 3,600 பவுண்டுக்கு எந்த 2500-ம் வசதியாகப் பொருந்தவில்லை. செவி கிட்டத்தில் வருகிறது, ஃபோர்டு திணறும், ராம் தேறாது. ஆகவே முதல் முடிவு: அடுத்த பெரிய ரகமான 350 அல்லது 3500-க்குப் போங்கள். விலை வித்தியாசம் அதிகமில்லை, ஸ்டிக்கரில் சுமார் 4,000 பவுண்டு கிடைக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த வண்டி இன்னும் தாங்கும், ஆனால் மளிகைக் கடை பார்க்கிங்கில் அதை நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எஞ்சின்: மூன்றும் இழுக்கும், வரலாறு வேறு

ஃபோர்டு 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8: 2023 மாடலிலிருந்து 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை), கூடுதல் காசு கொடுத்தால் ஹை அவுட்புட் ரகத்தில் 500-ம் 1,200-ம். செவியின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் வி8: 2024-இலிருந்து 470 குதிரைத்திறன், 975 டார்க். ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ்: 2025-இல் 430 குதிரைத்திறன், 1,075 டார்க். காகிதத்தில் ஃபோர்டு முந்துகிறது. ஆனால் 14,000 பவுண்டுக்கு இவற்றில் எதுவும் மூச்சு வாங்காது. எண்களை வைத்துச் சண்டை போடுவது பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

மூன்றில் கம்மின்ஸ் மட்டும் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். 1989-இல் இன்றைய ராமின் முன்னோடியான டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டரின் வாரிசு. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளில் ஓடியதும் அந்த 5.9-இன் குடும்பம்தான். அதனால் நம்மவர்களில் பலர் ராமைப் பார்த்ததும் பாதி மனசு கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் அந்த அன்புக்குத் தகுதியானதே. அதோடு ஒட்டி வந்த கியர்பாக்ஸ்தான் நெடுங்காலம் சொதப்பல்: 2500-இல் 2024 வரை கிடைத்த 6 கியர் ஆட்டோமேட்டிக், கனமான இழுவையில் சூடேறித் தேய்வதில் பெயர் வாங்கியது. 3500-இல் காசு கூடக் கொடுத்தால் ஐசின் கம்பெனியின் கியர்பாக்ஸ் கிடைத்தது. அது நம்பகமானது, மந்தமானது. 2025-இல் ராம் இரண்டையும் தூக்கிவிட்டு இசட்எஃப் கம்பெனி வடிவமைப்பிலான 8 கியரைக் கொண்டுவந்தது. ராம் வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே 2025-க்குப் பிந்தையதைப் பாருங்கள்.

ஃபோர்டும் செவியும் 2020-இலிருந்து 10 கியர். செவியினுடையதில் ஆலிசன் என்ற கியர்பாக்ஸ் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். அதிலும் குறை இல்லாமல் இல்லை: 2020 முதல் 2022 வரையிலான டீசல் வண்டிகளில் கியர்பாக்ஸ் வால்வு தேய்ந்து பின்சக்கரங்கள் ஓடும்போதே ஒரு கணம் பூட்டிக்கொள்ளக்கூடும் என்று 2024-இல் ஜிஎம் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பழையதாக வாங்கினால் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பம்பு

டீசல் பிக்கப் வாங்குபவர்கள் குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது உயர் அழுத்த எரிபொருள் பம்புக்குக் கொடுக்க வேண்டும். பாஷ் கம்பெனியின் சிபி3 என்ற பழைய பம்பு மூன்று பிஸ்டன் கொண்டது, முரட்டுத்தனமானது. அடுத்து வந்த சிபி4, பிக்கப்புகளில் இரண்டே பிஸ்டன். பம்புக்குள் எண்ணெய் கிடையாது. டீசலே அதற்கு மசகு. ஐரோப்பிய டீசலுக்கான தரத்தில், வழவழப்புச் சோதனையில் உலோகத்தில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரம் 520 வரை விடுகிறது. அதாவது இங்குள்ள டீசல் வழவழப்புக் குறைந்தது. அதோடு கொஞ்சம் காற்றோ தண்ணீரோ உள்ளே போனால், பிஸ்டனுக்கு அடியில் உள்ள உருளை திரும்பிக்கொண்டு, அதைத் தள்ளும் கேம் தண்டை உரசும். உரசிய உலோகத் தூள் பம்போடு நிற்காது. குழாய், இன்ஜெக்டர், டேங்க் என்று எங்கும் பரவும். பம்பு ஒன்றை மாற்றப் போய் மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டிய நிலை. பில் 10,000 டாலரை எட்டும். 'டீசல் தரம் சரியில்லை' என்று சொல்லி வாரண்டி மறுக்கப்பட்டவர்களும் உண்டு.

மூவரும் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஜிஎம் 2011 முதல் 2016 வரை சிபி4 வைத்துச் சூடுபட்டு, 2017-இல் டென்சோ கம்பெனியின் பம்புக்கு மாறியது. அதன்பின் பேச்சே இல்லை. ராம் 2018 வரை சிபி3-ஐ வைத்திருந்து, 2019-இல் ஏனோ சிபி4-க்குப் போய், இரண்டே மாடல் ஆண்டுகளில் திரும்பி வந்தது; 2019, 2020 வண்டிகளைத் திரும்ப அழைத்து சிபி3 மாட்டிக் கொடுத்தது. ஃபோர்டு 2011-இலிருந்து சிபி4-ஐத்தான் நம்பி வந்தது. பம்பு உடைந்தாலும் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல் திருப்பிவிடும் கிட் ஒன்று வெளிச் சந்தையில் கிடைக்கிறது. ஃபோர்டுக்கென்று தனிச் சந்தையே அதற்கு இருக்கிறது என்பதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ளலாம்.

இறக்கம்

ஏற்றத்தில் மெதுவாகப் போனால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். இறக்கத்தில்தான் உயிர் போகும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. அங்கிருந்து டில்லன் பக்கம் இறங்கினால் ஏறக்குறைய 8 மைலுக்கு 7 சதவீதச் சரிவு. பின்னால் 14,000 பவுண்டு தள்ளிக்கொண்டே வரும். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியிலேயே காய்ந்த வாடை அடிக்கும். இங்கே காப்பாற்றுவது எக்ஸாஸ்ட் பிரேக்: டர்போவின் இதழ்கள் மூடி, புகையை வெளியே விடாமல் அடைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். மூன்றிலும் இது உண்டு. பிடி என்று பார்த்தால் கம்மின்ஸுக்குத்தான் பெயர். செவியில் க்ரூஸ் கன்ட்ரோலோடு சேர்ந்து வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். வேகத்தை வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம்.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது பெட்ரோல் எஞ்சினையும் சொல்லிவிட வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஆனால் டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற சமதரையில் 9,000 பவுண்டு டிரெய்லரை வருடத்துக்கு இரண்டு முறை இழுப்பவருக்கு டீசலே வேண்டாம். டீசல் எஞ்சினுக்கு மட்டும் ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ஃபோர்டுக்கு 13, ராமுக்கு 12, செவிக்கு 10 குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) ஆயில். எரிபொருள் ஃபில்டர், புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாத் திரவம் என்று செலவு நிற்காது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 அவருக்குப் போதும். எஞ்சின் எடை குறைவதால் ஸ்டிக்கரிலும் எண் கூடும்.

மற்றவை

முன் அச்சு: நான்கு சக்கரமும் இயங்கும் ரகத்தில் ஃபோர்டிலும் ராமிலும் ஒரே தண்டாக வரும் கட்டை அச்சு. செவியில் இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். டிரெய்லர் இல்லாமல் ஓட்டும் நாட்களில் இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். கட்டை அச்சுக்கு இன்னொரு வம்பும் உண்டு: பள்ளத்தில் விழுந்து எழும்போது முன்சக்கரங்கள் வெடவெடவென்று உதறத் தொடங்கி, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. 'டெத் வாபிள்' என்பார்கள். ஃபோர்டு மேல் இதற்காக 2019-இல் வழக்கே போட்டார்கள். பனி தள்ளும் தட்டு மாட்டுபவர்களும் கரடுமுரடான நிலத்தில் ஓட்டுபவர்களும் கட்டை அச்சுதான் வேண்டும் என்பார்கள், அது நியாயம்.

பின்பெட்டி நீளத்தை மறந்துவிடாதீர்கள். குட்டைப் பெட்டி செவியிலும் ஃபோர்டிலும் 6 அடி 9 அங்குலம், ராமில் 6 அடி 4 அங்குலம். ஃபிஃப்த் வீலை ரிவர்ஸில் ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபின் கண்ணாடியில் வந்து இடிக்கும். குட்டைப் பெட்டிக்கு நகரும் கொக்கி வாங்க வேண்டும், இல்லையென்றால் 8 அடிப் பெட்டி. கேமரா விஷயத்தில் செவியின் கைதான் ஓங்கி இருக்கிறது. டிரெய்லரே இல்லாததுபோல் பின்சாலையைக் காட்டும் காட்சி நிஜமாகவே உதவுகிறது.

பழையது வாங்குபவருக்கு

2017 முதல் 2019 வரையிலான டியூராமேக்ஸ்: டென்சோ பம்பு, பழைய 6 கியர் ஆலிசன், 445 குதிரைத்திறன், 910 டார்க். மைல் குறைவாகக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். 2003 முதல் 2007 வரையிலான ஃபோர்டு 6.0 லிட்டர் டீசல் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 2013 முதல் 2019 வரையிலான ராம் என்றால், புகைக் கட்டுப்பாட்டு மோசடிக்காக கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்ட விவகாரம் அதற்கும் பொருந்தும்; மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். எந்த வண்டியானாலும் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரல் சுத்தமாக வரும். கரி அப்பினால், வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். இரண்டாவது என்றால் சட்டப்படியும் அது உங்கள் தலைவலி.

சரி, என் காசு என்றால்? புதிய சில்வராடோ 3500, ஒற்றைச் சக்கரம், 8 அடிப் பெட்டி. பம்புப் பயம் இல்லை, முன் அச்சு சுகம். ராக்கி மலைப் பக்கம் குடியிருந்து 18,000 பவுண்டு இழுப்பவராக இருந்தால் ஃபோர்டு ஹை அவுட்புட், கூடவே பம்புத் தூளைத் திருப்பிவிடும் அந்த கிட். பதினைந்து வருடம் வைத்திருந்து தானே ஸ்பேனர் பிடிப்பவருக்கு 2025 ராம் 3500. ஒரே வரிசை எஞ்சினில் கை நுழைய இடம் இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 3500-இன் எடை வரம்பு 12,000-த்தை ஒட்டி, டிரெய்லரின் வரம்பு 14,000: கூட்டினால் 26,000. டெக்சாஸில் கூட்டுத்தொகை அதற்கு மேல் ஒரு பவுண்டு போனாலும், டிரெய்லர் 10,000-த்தைத் தாண்டியது என்பதால், சொந்த உபயோகத்துக்கே வணிகமல்லாத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி வேறு வேறு.