கடற்படைப் பொறியாளரை இரவல் கொடுப்பது: டெபுடேஷனா, தனி ஒப்பந்தமா, கம்பெனி ஆளா?

1890-இன் தொடக்கத்தில், ஹாங்காங்கில் நின்றிருந்த சீன வடகடல் கப்பற்படையில் கொடித் தகராறு ஒன்று வெடித்தது. தளபதி டிங் ருசாங் சில கப்பல்களுடன் வெளியே போயிருந்தார். கேப்டன் லியூ புசான் அவருடைய கொடியை இறக்கிவிட்டுத் தன் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து இரவலாக வந்து அந்தப் படைக்குப் பயிற்சி கொடுத்துவந்த கேப்டன் வில்லியம் லாங், டிங் இல்லாதபோது தளபதி தான்தான் என்று வாதாடினார். அந்தப் படைக்கு மேலே பொறுப்பில் இருந்த சீன உயர் அதிகாரி லீ ஹோங்சாங்குக்குத் தந்தி போனது. தீர்ப்பு லியூ பக்கம் வந்தது. லாங்குக்குக் கொடுத்திருந்த தளபதிப் பட்டம் வெறும் மரியாதைக்கு என்பது அன்றுதான் வெளிப்பட்டது. ஜூன் மாதம் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டு அரசுக்குக் கடற்படை வல்லுநரை அனுப்பும் ஏற்பாடுகள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆளுக்குத் திறமை இருக்கும், காகிதத்தில்தான் ஓட்டை இருக்கும். எந்த வழியில் அனுப்பினாலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுத்தில் வேண்டும். சம்பளம் யார் தருகிறார்? திரும்பக் கூப்பிடும் உரிமை யாரிடம்? வேலைத்தாளில் யார் கையெழுத்து செல்லும்? மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

பணியிலிருக்கும் அதிகாரியை டெபுடேஷனில் அனுப்புவது

அரசுகளுக்குப் பழகிய வழி இது. ஆள் தன் படையின் பட்டியலிலேயே இருப்பார். பதவி உயர்வு வரிசை கெடாது. ஒழுங்கு நடவடிக்கையும் சொந்தப் படையின் கையில். மொரீஷியஸ் தேசியக் கடலோரக் காவல் படையின் தலைமைப் பொறுப்பில் இந்தியக் கடற்படை அதிகாரி இருப்பது இந்த வகை. அந்தப் படையின் பாரகுடா கப்பலும் கொல்கத்தாவில் கட்டியது என்பதால் ஆளும் இயந்திரமும் ஒரே வழக்கத்தில் வந்தவை. பழுது வந்தால் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதில்லை.

தொழில்நுட்பப் பணிக்கு இந்த வழி எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்கு எமில் பெர்ட்டின் நல்ல சாட்சி. பிரெஞ்சுக் கடற்படையின் கப்பல் பொறியாளரான அவர் 1886 முதல் 1890 வரை ஜப்பான் அரசுக்கு வேலை பார்த்தார். கூரே, சசேபோ கடற்படைத் தளங்களின் அமைப்பில் அவர் கை உண்டு. ஆனால் அவர் வடிவமைத்த மட்சுஷிமா வகைக் கப்பல்களையும் பாருங்கள்: நாலாயிரம் டன்னைக் கொஞ்சம் தாண்டிய உடலில் 320 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று. அதைப் பக்கவாட்டில் திருப்பினால் கப்பலே சாயும். மறுபடி குண்டேற்ற நெடுநேரம் பிடிக்கும். 1894-இல் சீனாவோடு நடந்த யாலு கடற்சண்டையில் மூன்று கப்பல்களின் பெரும்பீரங்கிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வெடித்தன. வேலையை முடித்தவை சிறிய, வேகமாகச் சுடும் பீரங்கிகள். இரவல் வல்லுநர் தன் நாட்டின் கொள்கையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். பெரிய கப்பலுக்கு எதிராகச் சிறிய கப்பலில் பெரிய ஆயுதம் என்பது அன்றைய பிரெஞ்சுச் சிந்தனைப் பள்ளி ஒன்றின் நம்பிக்கை. துறைமுகம் கட்ட அவரை நம்பியது சரி. ஆயுதத் தேர்வுக்கு இரண்டாவது கருத்து கேட்டிருக்கலாம்.

இந்த வழியின் பெரிய பலவீனம் அரசியல். 1884-இல் சீனா பிரான்ஸோடு மோதியபோது, பிரிட்டன் நடுநிலை நாடு என்பதால் அதே லாங் ஒருமுறை விலக நேர்ந்தது, 1886-இல்தான் திரும்பினார். ஓட்டோமன் (துருக்கி) கடற்படைக்குப் பயிற்சி கொடுத்த பிரிட்டிஷ் குழுவின் தலைவர் ஆர்தர் லிம்பஸ் 1914 செப்டம்பரில் வெளியேற, ஜெர்மன் தளபதி சூசோன் உள்ளே வந்தார். வேடிக்கை அதற்குப் பிறகு: துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையை உள்ளிருந்து அறிந்த லிம்பஸை மால்டா கப்பல் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, அங்கே பட்டறை மேற்பார்வையில் இருந்த கார்டனை டார்டனெல்ஸ் பக்கம் தளபதியாக்கினார்கள். நேற்றுவரை நண்பராக உள்ளே இருந்தவரை இன்று எதிரே நிறுத்தினால் துருக்கியரைச் சீண்டுவதாகும் என்ற தயக்கம். டெபுடேஷன் முடிந்து வருபவரின் அறிவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சீருடையே சிக்கலாவதும் உண்டு. மாலத்தீவில் இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிவந்த இந்திய ராணுவத்தினர் 2024 மே 10-க்குள் வெளியேறினார்கள். அவர்கள் இடத்துக்குச் சீருடை இல்லாத தொழில்நுட்பர்கள் வந்தார்கள். இயந்திரம் அதே, பராமரிப்பு அட்டவணை அதே; மாறியது ஆளின் அந்தஸ்து மட்டும்.

ஓய்வுபெற்றவர் தனி ஒப்பந்தத்தில் போவது

மலிவு, வேகம், அரசுக்குத் தலைவலி இல்லை என்று தோன்றும். தலைவலி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான ஹோபார்ட் பாஷா 1867-இல் ஓட்டோமன் சுல்தானிடம் சேர்ந்தார். பிரிட்டிஷ் கடற்படைப் பட்டியலிலிருந்து 1868-இல் பெயர் நீங்கியது, 1874-இல் ஏறியது, ரஷ்யாவோடு போர் வந்ததும் 1877-இல் மறுபடி நீங்கியது, 1885-இல் மறுபடி ஏறியது. ஒரு மனிதரின் பெயர் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறியதிலிருந்தே அரசால் கைகழுவ முடியவில்லை என்று புரியும்.

நம் காலத்து எச்சரிக்கை கத்தாரில் நடந்தது. அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைபார்த்த முன்னாள் இந்தியக் கடற்படையினர் எட்டுப் பேர் 2022 ஆகஸ்டில் கைதானார்கள். 2023 அக்டோபரில் மரண தண்டனை, டிசம்பரில் தண்டனைக் குறைப்பு, 2024 பிப்ரவரியில் விடுதலை. அரசுக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் இருந்திருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் யார் விசாரிப்பது என்ற கேள்விக்குக் காகிதத்தில் ஓர் இடம் இருந்திருக்கும். தனி ஒப்பந்தக்காரருக்கு அந்தக் காப்பு கிடையாது. போன நாட்டின் சட்டம் அப்படியே பாயும்.

வடிவமைப்பு வேலைக்கு மட்டும் இந்த வழி பலித்திருக்கிறது. சோப்வித் என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் இருந்த ஹெர்பர்ட் ஸ்மித் 1921-இல் மிட்சுபிஷிக்குப் போய் வடிவமைத்த போர் விமானம் 1923-இல் ஜப்பானின் ஹோஷோ விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது. வரைபலகையில் முடியும் வேலைக்கு அதிகாரச் சண்டை குறைவு.

கப்பல் கட்டிய கம்பெனியின் ஆள்

உத்தரவாதக் காலத்தில் கேரண்டி இன்ஜினியர் கூடவே வருவார். உதிரிபாகக் கிடங்கும் வரைபடங்களும் அவர் பின்னால் நிற்பதால் பழுது வேகமாகத் தீரும். ஆனால் அவர் முதலாளி கம்பெனி. மாற்ற வேண்டாத பாகத்தையும் மாற்றச் சொல்லத் தோன்றும்; கற்றுக்கொடுக்கத் தோன்றாது, ஏனென்றால் கற்றுக்கொடுத்தால் அடுத்த பராமரிப்பு ஒப்பந்தம் போய்விடும்.

இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் வளைவு பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். கிராங்க் கரங்களுக்கு நடுவே டயல் கேஜைப் பொருத்தி, ஷாஃப்ட்டை மெல்லச் சுழற்றி ஐந்து நிலைகளில் அளவு எடுப்பார்கள். நான்கு போதாது, கீழ் மைய நிலையில் கனெக்டிங் ராடு குறுக்கே வரும், அதனால் அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. கப்பல் மிதக்கும்போது எடுத்த அளவும் உலர்துறையில் எடுத்த அளவும் ஒன்றாக வராது, உடலே வளையும். எண்ணோடு நிலையையும் இயந்திரச் சூட்டையும் குறிக்காவிட்டால் தாள் குப்பை. உள்ளூர் ஆள் இதை ஒரு வாரத்தில் கற்றுவிடுவார். எத்தனை வந்தால் ஆபத்து என்ற எல்லை அட்டவணை தயாரிப்பாளரின் ஆவணம். அது கைமாறாவிட்டால், வல்லுநர் விமானம் ஏறிய மறுநாள் அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

டெபுடேஷன் அதிகாரிக்கும் இதே இடத்தில் கை கட்டியிருக்கும். இன்ஜின் ஒரு நாட்டினுடையது, ரேடார் இன்னொரு நாட்டினுடையது என்றால், தனக்குத் தெரிந்ததையே அவர் மூன்றாம் நாட்டுக்குக் காட்ட மூல நாட்டின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதம் கையில் வராமல் ஆளை அனுப்பினால், முதல் சில மாதம் அறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்.

எதை எதற்கு எடுப்பது

பட்டறை நிறுவ வேண்டுமென்றால் எனக்குப் பிடித்த மாதிரி பிரெஞ்சுக்காரர் புரோஸ்பர் ஜிக்கெல் சீனாவின் ஃபூசோவ் கப்பல் பட்டறைக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம்: ஐந்தாண்டு கெடு, அதற்குள் கப்பல்களும் வேண்டும், வெளியாள் இல்லாமல் கட்டவும் ஓட்டவும் தெரிந்த சீனர்களும் வேண்டும், இலக்கு எட்டினால் தனிச் சன்மானம். 1874-இல் வெளிநாட்டவர் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். பத்தே ஆண்டில், 1884 ஆகஸ்ட் 23 அன்று, பிரெஞ்சுத் தளபதி கூர்பே அங்கே நின்ற சீனக் கப்பற்படையை மூழ்கடித்து, மறுநாள் பட்டறையையும் பீரங்கியால் தாக்கினார் என்பது வேறு கதை. ஒப்பந்தத்தின் குறை அல்ல.

பயிற்சிக்குப் பணியிலிருக்கும் அதிகாரி. இயந்திரப் பராமரிப்புக்குக் கம்பெனி ஆள், ஆனால் மேலே அரசின் பொறியாளர் ஒருவர் கையெழுத்திடும் ஏற்பாட்டோடு. ஓய்வுபெற்றவர் அரசின் அனுமதிக் கடிதத்தோடு, வரைபட வேலைக்கு மட்டும்.

டெபுடேஷன் உத்தரவில் நான் முதலில் தேடுவது பதவிப் பெயரை. ஆலோசகர் என்றால் ஆலோசகர். அழகுக்குத் தளபதிப் பட்டம் வேண்டாம். பட்டறையில் மட்டும் ஒரு விதிவிலக்கு: கப்பலைத் தாங்கும் கட்டைகளின் வரிசை, பளுதூக்கிச் சான்று, தொட்டிக்குள் வெல்டிங் அனுமதி, இவற்றில் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அடுத்து, விடுப்புச் சம்பளமும் ஓய்வூதியப் பங்களிப்பும் யார், எந்தத் தேதிக்குள் கட்டுவது. நிலுவை விட்டால் பத்தாண்டு கழித்து ஓய்வுபெறும் அன்றைக்கு ஆள் அலைவார். போர் மூண்டால் எத்தனை மணி நேரத்தில் விலகுவது என்பதும் உத்தரவிலேயே இருக்கட்டும். கடைசியாக, அவருக்கு இணையாக உள்ளூர் ஆள் ஒருவரைப் பெயர் குறித்து ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பெயர் இல்லாமல் 'பின்னர் நியமிக்கப்படும்' என்றிருந்தால் உத்தரவைத் திருப்பி அனுப்பிவிடலாம்.