பெட்டியில் வரும் திருவிருந்துக் கிண்ணம்: எந்தச் சபைக்குப் பொருந்தும்?

யாழ்ப்பாண நகரில் வழிபாட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், அப்பமும் சாறும் ஒன்றாக அடைக்கப்பட்ட திருவிருந்துக் (இயேசுவின் கடைசி இராப்போசனத்தின் வழியில் அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் சடங்கு) கிண்ணங்களை எமது சபைக்கென ஒரு பெட்டி வாங்கினோம். பெருவிரல் அளவான பிளாஸ்டிக் கிண்ணம். ஒளி ஊடுருவும் மேலுறையை உரித்தால் வட்டமான சிறு அப்பம், அதன் கீழுள்ள தகட்டு உறையையும் உரித்தால் திராட்சைச் சாறு. இரண்டு உறைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், முதியவர்கள் சிலர் அப்பத்தை எடுக்க முயன்று சாற்றை வெள்ளைச் சேலையில் சிந்தினார்கள். மௌன ஜெபத்தின் நடுவே ஆலயம் முழுவதும் எழுந்த சரசரப்பு வேறு.

இவை சிறு குறைகள். திருவிருந்தைப் பற்றி ஒரு சபை என்ன விசுவாசிக்கிறது என்பதைப் பொறுத்தே இப்பொருளின் தகுதி அமைகிறது. 1529இல் ஜெர்மனியின் மார்பேர்க் நகரில், திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூதரும் சுவிங்கிலியும் 14 விடயங்களில் உடன்பட்டும், கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் மெய்யாகவே உண்டா என்பதில் பிரிந்தார்கள். திருவிருந்தை நினைவுகூருதலாகவும் சபையின் விசுவாச அறிக்கையாகவும் கண்ட சுவிங்கிலி, 1525இலேயே சூரிச்சில் மரத்தட்டிலும் மரக்கிண்ணத்திலும், அமர்ந்திருந்த மக்களிடமே அதைக் கொண்டுசெல்லச் செய்தவர். அவ்வழியில் சிந்திக்கும் சபைகளுக்கு, இங்குள்ள பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றுக்கும், இக்கிண்ணம் நெருடலாக இராது.

அப்பத்தோடும் இரசத்தோடும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகத் தரப்படுகின்றன என்ற லூதரின் போதனையை ஏற்பவர், அடியில் தங்கிய துளியோடு கிண்ணத்தைக் குப்பைக் கூடையில் எறிய எப்படி மனம் ஒப்புவார்? பரலோகத்துக்குரிய ஆவிக்குரிய முறையிலேயே சரீரம் உண்ணப்படுகிறது என்று கூறும் அங்கிலிக்கன் திருச்சபையும், அர்ப்பணிக்கப்பட்டதில் மீந்ததை வெளியே கொண்டுபோகாமல் பயபக்தியோடு உட்கொள்ளும்படி 1662ஆம் ஆண்டு ஜெபநூலில் விதித்திருக்கிறது. மெதடிஸ்தர் திருவிருந்தைக் கிருபையின் சாதனமாக, அதாவது கடவுளின் அருள் வந்துசேரும் வழியாகக் கொள்பவர்கள். புளிக்காத சாற்றை 1869இல் திருவிருந்துக்கென உருவாக்கிய தோமஸ் வெல்ச்சும் மெதடிஸ்தரே என்பதால், சாற்றைப் பற்றி அவர்கள் குறைசொல்ல இடமில்லை. (திராட்சை விளையும் குடாநாட்டுக்குச் சாறு கப்பலில் வருவதுதான் எனக்கு விளங்கவில்லை.)

1816இல் வந்த அமெரிக்க மிஷனின் வழியில் தோன்றி, 1947இல் தென்னிந்திய திருச்சபையில் இணைந்த எமது ஆதீனத்துக்கு (மறைமாவட்டத்துக்கு) வேறொரு சிக்கல் உண்டு. அப்பம் அப்பமாகவே இருக்க, பரிசுத்த ஆவியானவர் விசுவாசியைக் கிறிஸ்துவோடு உண்மையாக இணைக்கிறார் என்பது, எமது மரபின் வேரான சீர்திருத்தவாதி கல்வினின் போதனை. அந்தச் சீர்திருத்த மரபில் அப்பம் சபையின் கண்முன்னே பிட்கப்படுவது முக்கியம். "நாம் பிட்கிற அப்பம்" என்று பவுல் எழுதியதை வாசித்துவிட்டு, தொழிற்சாலையில் வட்டமாக வெட்டப்பட்டதை ஆளுக்கொன்றாக உரித்து உண்பது பொருந்தவில்லை. சுகாதாரமே கவலையென்றால், ஒரே அப்பத்தைப் பிட்டு, தட்டில் அடுக்கிய சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் இரசம் கொடுக்கலாம்.

எனவே ஞாயிறு ஆராதனைக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நடமாட இயலாதவர்களின் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குருவானவர் கொண்டுசெல்ல இது மிக வசதியானது. வாங்குபவர்கள் பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குவது நல்லது.