ஏரித் தண்ணீரைச் சோதிக்க எதை வளர்ப்பது: டேனியோவா, டாப்னியாவா?

2016 மார்ச்சில் பெங்களூரின் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஏரியில் மீன் சாகும்வரை காத்திருக்காமல் நஞ்சை முன்பே கண்டுபிடிக்கத்தான் ஆய்வகங்களில் சில உயிர்களை வளர்க்கிறோம். பெங்களூரில் புதிதாக ஆய்வகம் தொடங்கும் நம்மவர்கள் எதை வளர்க்கலாம் என்று கேட்கிறார்கள்.

விதிப்படி என்றால் மீன். கழிவுநீரில் அப்படியே 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 சதவீதம் பிழைக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுப் பொது விதி. அலங்கார மீன் கடையில் கப்பியும் ஜீப்ரா டேனியோவும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கப்பி சாக்கடையிலும் தாக்குப்பிடிக்கும். கொசுப்புழுவைத் தின்ன விடுகிறோமே, அதே மீன். அது பிழைத்ததை வைத்துத் தண்ணீர் நல்லது என்று எழுத எனக்கு மனம் வராது.

டாப்னியா வேறு ரகம்: நீர்த்தெள்ளு எனப்படும், இறாலுக்கு உறவான பொடி உயிர். பிறந்து 24 மணி நேரம் தாண்டாத குஞ்சுகளை 48 மணி நேரம் தண்ணீரில் விட்டு, குவளையை மெல்ல அசைத்து 15 விநாடி பார்க்க வேண்டும். நீந்தவில்லை என்றால் பாதிப்பு. மீன் தாங்கிவிடும் அளவு குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லிகூட இதைச் சாய்த்துவிடும். ஆணில்லாமலே பெண் குஞ்சு பொரிப்பதால் எல்லாம் ஒரே வார்ப்பு, முடிவும் சீராக வரும். சிக்கல் சூடுதான். 20 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்; நம் ஊர் ஏப்ரலில் கரண்ட் போனால் வளர்ப்பே போய்விடும். இதன் உறவான மொய்னா வெயில் தாங்கும், ஆனால் வெளிநாட்டு முடிவுகளோடு நேராக ஒப்பிட முடியாது.

இரண்டுக்கும் நடுவில் டேனியோவின் முட்டை இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பிவிட்டால் தாய்மீன் முட்டையைத் தின்னாது. காலையில் விளக்கு எரிந்த அரை மணி நேரத்துக்குள் முட்டை இட்டுவிடும். இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பாருங்கள்: கண்ணாடி போன்ற உடலுக்குள் இதயம் துடிப்பது தெரியும், வால் மஞ்சள் கருவிலிருந்து விடுபட்டுத் துள்ளும். துடிப்பு இல்லை, வால் விடுபடவில்லை என்றால் நஞ்சு எங்கே கை வைத்திருக்கிறது என்று புரிந்துவிடும். வளர்ந்த மீனை வதைக்கவும் வேண்டாம். பெரிய மூலக்கூறுகள் முட்டை உறைக்குள் நுழையாது, அது ஒரு குறை. பூச்சிக்கொல்லி சந்தேகம் இருந்தால் டாப்னியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: குழாய்த் தண்ணீரின் குளோரின் எல்லாவற்றையும் கொல்லும், அதை நீக்காமல் வளர்ப்புத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மாதிரி எடுக்கும்போதே ஏரிக்கரையில் ஆக்சிஜனை அளந்து குறித்துவிடுங்கள். சாக்கடை கலந்து மூச்சுமுட்டிச் சாகும் மீனின் காரணம், ஆய்வகத்தில் காற்றூட்டிய தண்ணீரில் தெரியாது.