எழுந்து போகும் ஐந்து நிமிடம்: பூட்டா, பையா, பக்கத்து இருக்கையா?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு படிப்பகத்தில் என் மாமா மகளின் லேப்டாப் காணாமல் போனது. பட்டப்பகல், அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனவள், போகும்போது "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அறையைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். பிறகு கேமராப் பதிவைப் பார்த்தோம். ஒரு பையன் வந்து அவள் நாற்காலியில் உட்காருகிறான். மூடியைச் சாத்துகிறான். சார்ஜரைப் பிடுங்கி, வயரை நிதானமாகச் சுற்றி, எல்லாவற்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறான். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அது அவனுடையது என்றே நினைத்தார்களாம்.

அதற்குப் பிறகு பூட்டு, பை, அலாரம் என்று எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: நான் எழுந்து போகிற அந்த ஐந்து நிமிடத்தில் இது என்ன செய்யும்? பெரம்பூரில் எங்கள் வீடு சின்னது. அதனால் நூலகம், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் (படிக்கவும் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்கவும் ஆன பொது இடம்), டீக்கடை, மின்சார ரயில் என்று மாறி மாறித்தான் வேலை நடக்கிறது. அந்த அனுபவத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். செல்போன் போனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணைக் கொடுத்து அதை முடக்கலாம். திருடியவன் வேறு சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்கில் அது வேலை செய்யாது. வைஃபையை மட்டும் நம்பி ஓடும் லேப்டாப்புக்கு அந்த வழி இல்லை. ஹார்ட் டிஸ்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டால் அது இன்னொருவர் மேசையில் சாதாரணமாக ஓடும். அதனால் போனபின் தேடுவதைவிட, போகாமல் பிடித்து வைப்பதுதான் இங்கே முக்கியம்.

கேபிள் பூட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் இரண்டு பக்கமும் அதிகம். லேப்டாப்பின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு நீள்சதுர ஓட்டை இருக்கும். கென்சிங்டன் என்ற நிறுவனம் 1990-களில் பரப்பிய அமைப்பு அது: 3 மி.மீ. அகலம், 7 மி.மீ. நீளம். பூட்டின் முனை உள்ளே போய்த் திரும்பி மாட்டிக்கொள்ளும், அதோடு வரும் கேபிளை மேசையோடு கட்டிவிடலாம். மெல்லிய லேப்டாப்புகள் வந்தபின் அதே நிறுவனம் 2.5-க்கு 6 என்று நானோ ஓட்டை கொண்டுவந்தது. டெல் லேப்டாப்புகள் பலவற்றில் ஆப்பு வடிவத்தில் மூன்றாவது வகை. மேக்புக் ஏரில் ஓட்டையே கிடையாது, ஒட்டும் தகடு வாங்கி அடியில் ஒட்ட வேண்டும். கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். முனை மாறினால் பூட்டு வீண். பழைய லேப்டாப்புக்கு வாங்கிய என் முதல் பூட்டு புதியதில் நுழையவே இல்லை.

இந்தப் பூட்டை உடைக்க முடியுமா? முடியும். கேபிள் கட்டர் வைத்திருப்பவனுக்குச் சில நொடி வேலை. வட்டச் சாவித் துளை உள்ள பழைய பூட்டுகளின் நிலைமை இன்னும் மோசம். 2004-ல் அமெரிக்காவில் சைக்கிள் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் உடலைச் செருகித் திறந்து காட்டினார்கள். அதே வகைத் துளை லேப்டாப் பூட்டுகளிலும் இருந்தது. நம்பர் பூட்டில் நான்கு வளையம், 10,000 சேர்க்கைகள். ஆனால் மலிவான பூட்டில் கேபிளை இழுத்துப் பிடித்து வளையத்தைத் திருப்பினால் சரியான எண்ணில் விரலுக்கே தெரிந்துவிடும். வாங்கிய அன்று இருந்த 0000-ஐ மாற்றாமல் விடுகிறவர்களும் நிறைய.

இத்தனைக்கும் நான் கேபிள் பூட்டைத்தான் முதலில் வைக்கிறேன். படிப்பகத்துக்கு வந்த அந்தப் பையன் கட்டர் கொண்டுவரவில்லை. அவனுடைய பலமே, பார்க்கிறவர்கள் கண்ணுக்குச் சொந்தக்காரன் மாதிரித் தெரிந்ததுதான். மேசையோடு கட்டிய லேப்டாப்பை எடுக்க அவன் குனிய வேண்டும், இழுக்க வேண்டும், சத்தம் வரும். அந்த வேடம் அங்கேயே கலைந்துவிடும். பலமாகப் பிடுங்கினால் உடல் பகுதி உடையும், உடைந்ததை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். வாசலோரம் உட்கார்ந்திருப்பவரின் மேசையிலிருந்து அள்ளிக்கொண்டு வண்டியில் ஏறிப் பறப்பதையும் இது தடுக்கும்.

ஆனால் எதோடு கட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கேபிள் பெரும்பாலும் ஆறடி. அதை மேசைக் காலைச் சுற்றிப் போட்டால், காலைச் சற்றுத் தூக்கினாலே வளையம் கழன்று வந்துவிடும். கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் இருக்கிற மேசையாகப் பாருங்கள், அல்லது சுவரில் பதித்த கம்பி. டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டுவதில் பயனில்லை, நாற்காலியோடு தூக்கிவிடலாம்.

கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ராயபுரத்தில் அம்மா வீட்டில் இருந்த நாட்களில் உப்புக்காற்று என் பூட்டின் வளையங்களை ஒரே வருடத்தில் இறுக வைத்துவிட்டது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத்தான் திறந்தேன். காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் முழுக்க பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளையே வாங்குங்கள்.

அடுத்தது பக்கத்து இருக்கை. காசு செலவில்லாத இந்த வழியைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. தாமஸ் மொரியார்ட்டி என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்று 1975-ல் வெளியானது. நியூயார்க் அருகே ஜோன்ஸ் கடற்கரையில் ஒருவர் ரேடியோவை விரிப்பில் விட்டுவிட்டுப் போவார். ஆய்வுக் குழுவைச் சேர்ந்த இன்னொருவர் வந்து அதை எடுத்துக்கொண்டு நடப்பார். அருகில் இருந்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லாமல் போனபோது 20 தடவையில் 4 தடவைதான் திருடனைத் தடுத்தார்கள். அவரிடம் நேராகக் கேட்டுவிட்டுப் போனபோது 20-ல் 19. கூடவே எந்தப் பூட்டும் இல்லை, ஒரு வாக்கியம் மட்டும்தான்.

மாமா மகளும் கேட்டாள், ஆனால் அறையிடம் கேட்டாள். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. "ணா, அஞ்சு நிமிஷம் வெளிய போறேன். இந்த லேப்டாப்ப கொஞ்சம் பாத்துக்கறீங்களா? யாராவது தொட்டா கேளுங்க" என்று ஒருவரிடம் சொல்லி, அவர் தலையாட்டும்வரை நிற்க வேண்டும். கூச்சப்பட எதுவுமில்லை. கோயில் வாசலில் முன்பின் தெரியாத அக்காவிடம் செருப்பையும் குடத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போகிற ஊர்தானே இது.

இதிலும் ஓட்டை உண்டு. நாம் கேட்கிறவரே எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் புத்தகத்தைப் பரப்பி வைத்திருப்பவரிடம், நமக்கு முன்பே வந்து உட்கார்ந்தவரிடம் கேட்பேன். பையை மடியில் வைத்திருப்பவரிடம் கேட்க மாட்டேன், அவர் எந்த நிமிடமும் கிளம்பக்கூடும். பூட்டுக்கும் ஆளுக்கும் இடையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், கூட்டமான நூலகத்தில் நான் ஆளைத் தேர்ந்தெடுப்பேன். ஆள் குறைவான மதிய நேரத்தில் பூட்டு.

திருட்டுத் தடுப்புப் பை என்று விற்பது வேறு வகை. ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும், துணி பிளேடுக்குக் கிழியாது என்பார்கள். பேருந்து நெரிசலில் அது உதவும். நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனால் உதவாது, பையோடு போய்விடும். ரயிலில் நான் பார்ப்பது பையின் விலையை அல்ல, வாரை. பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல் போகும் முன் சிக்னலுக்காக வண்டி ஊர்ந்து நிற்கிற இடங்கள் பெரம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். ஓடுகிற வண்டியைவிட ஊர்கிற வண்டியில்தான் ஒருவன் பறித்துக்கொண்டு இறங்க முடியும். ஜன்னலோரத்திலும் கதவருகிலும் மடியில் லேப்டாப்பைத் திறக்க மாட்டேன். பை முன்பக்கம், ஒரு வார் கையைச் சுற்றி. லேப்டாப் பை என்று தூரத்திலேயே தெரிகிற கறுப்புப் பையை விட்டு, உள்ளே தடித்த உறை போட்டு, சாதாரணப் பள்ளிக்கூடப் பையில்தான் கொண்டுபோகிறேன்.

அலாரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஊக்கை இழுத்தால் அலறும் சின்னக் கருவியும் உண்டு, சார்ஜரைப் பிடுங்கினால் கத்தும் மென்பொருளும் உண்டு. நூலகத்தில் ஒரு முறை தவறுதலாக அடித்தால் எழுந்து போகச் சொல்வார்கள். எம்.சி. ரோட்டுக் கடையில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் வாங்கியதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

கையோடு எடுத்துப் போவது எல்லாவற்றையும்விடப் பத்திரம் என்பதில் சந்தேகமில்லை. டீக்கடையில் அது ஒன்றுதான் வழி. ஆனால் எட்டு மணி நேரம் நூலகத்தில் இருப்பவர், ஒவ்வொரு முறையும் சார்ஜர், மவுஸ், நோட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போய்த் திரும்பினால் இடம் போயிருக்கும். பெண்களுக்குக் கழிவறையில் லேப்டாப்பை வைக்க உலர்ந்த இடமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூன்றாவது முறை சோம்பல் வரும். அந்த மூன்றாவது முறைக்குத்தான் மற்ற வழிகள் வேண்டியிருக்கின்றன.

மாமா மகள் இப்போது புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள், தவணையில். "அக்கா, ஆயிரம் ரூபாதான் இருக்கு, பையா பூட்டா?" என்று கேட்டாள். நம்பர் பூட்டு வாங்கச் சொன்னேன், பழைய பையே போதும். வாங்கிய அன்றே எண்ணை மாற்றினோம். அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் பில்லையும் படம் எடுத்து என் போனுக்கும் அனுப்பினாள். போன முறை புகார் எழுதும்போது அந்த எண்ணைத் தேடி அட்டைப்பெட்டிக்காக வீட்டையே கலைத்தோம்.